பியானோ சுத்தியலுக்கு விறைப்பேற்ற எந்தக் கரைசல்? லாக்கர், பிளாஸ்டிக், அரக்கு, பி-72: ஓர் ஒப்பீடு

சுத்தியல்கள் புதிதாக மாற்றப்பட்ட ஒரு கிராண்ட் பியானோவின் முன் உட்கார்ந்து, நடு ஸ்தாயியில் ஒரு கட்டையை மெல்ல அழுத்திப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாதம் உருண்டு திரண்டு இதமாக வருகிறது. அதே கட்டையை முழு பலத்தோடு அடிக்கிறீர்கள். சத்தம் கூடுகிறதே தவிர நாதம் விரியவில்லை, போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒருவர் உரக்கப் பேசுவதைப் போல அடைபட்டே கிடக்கிறது. இந்த நிலையில் உரிமையாளர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “சுத்தியலுக்கு லாக்கர் ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார்களே, ஊற்றிவிடலாமா?” லாக்கர் என்பது மரச்சாமான்களுக்கு மெருகேற்ற அடிக்கும் பிசின் கரைசல். ஊற்றலாமா என்பதும், எதை ஊற்றுவது என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்விக்கான விடை அந்தச் சுத்தியல் எப்படிச் செய்யப்பட்டது என்பதில் இருக்கிறது; இரண்டாவதற்கான விடை, கை தவறிவிட்டால் திரும்பி வருவதற்கு எவ்வளவு வழி விட்டுவைக்க வேண்டும் என்பதில் இருக்கிறது. இவ்விரண்டையும் கலந்துவிடுவதால்தான் நல்ல சுத்தியல்கள் பல வீணாகின்றன.

பாரிஸில் பியானோ செய்துவந்த ஆன்றி பாப் 1826-ல் ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) போர்த்திய சுத்தியலுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் சுத்தியலின் தலையில் தோல்தான் இருந்தது. இன்றைய சுத்தியலும் அடிப்படையில் அந்த ஃபெல்ட் சுத்தியலே: மரத்தாலான நடுத்துண்டின் மேல் கம்பளி ஃபெல்ட்டை வளைத்து, அச்சில் இறுக்கி அழுத்தி ஒட்டியது. வளைத்த ஃபெல்ட்டின் வெளிப்புறம் இழுபட்டும் உட்புறம் நெருக்குண்டும் இருக்கும். இந்த இழுப்பும் நெருக்கமும் சேர்ந்துதான் அதற்கு வில்லின் குணத்தைத் தருகின்றன. மெல்லத் தொடும்போது நுனியின் மேல்பரப்பு மட்டும் கம்பியைச் சந்திக்கிறது. ஓங்கி அடிக்கும்போது நுனி அமுங்கி, அடியிலுள்ள இறுக்கமான பகுதி வேலைக்கு வருகிறது. அமுங்க அமுங்க விறைப்பு கூடிக்கொண்டே போகும் இந்தக் குணம் இருப்பதால்தான் பியானோவில் மெல்லிய ஓசைக்கு ஒரு நிறமும் வலிய ஓசைக்கு வேறொரு நிறமும் கிடைக்கின்றன. சுத்தியலும் கம்பியும் ஒட்டியிருக்கும் நேரம் தாழ்ந்த ஸ்தாயியில் ஏறத்தாழ 4 மில்லிவினாடி, உச்சத்தில் 1 மில்லிவினாடிக்கும் குறைவு. கடைசிக் கட்டையான 88-வது கட்டையின் கம்பி வினாடிக்கு 4186 முறை அதிர்கிறது. அங்கே சுத்தியல் சற்று மெத்தென்று இருந்தாலும், தான் எழுப்பிய அதிர்வைத் தானே அமுக்கிவிட்டுத்தான் விலகும். விறைப்பு கூடினால் தொடுநேரம் குறையும், ஒவ்வொரு சுரத்தோடும் சேர்ந்து ஒலிக்கும் மேல் இசைச்சுரங்கள் தப்பிப் பிழைக்கும், ஓசை கணீரென்று வரும். விறைப்பேற்றும் கரைசல்கள் எல்லாமே செய்வது இந்த ஒன்றைத்தான்.

சுத்தியல் செய்வதில் இரண்டு மரபுகள் உண்டு. நியூயார்க்கிலுள்ள ஸ்டெயின்வே தொழிற்சாலை நெடுங்காலமாக மென்மையான சுத்தியலைச் செய்து, பிறகு லாக்கரை ஊறவைத்து அதற்கு விறைப்பேற்றி வருகிறது. அதே நிறுவனத்தின் ஹாம்பர்க் தொழிற்சாலை, ஜெர்மனியின் ரென்னர் நிறுவன வகைச் சுத்தியல்களை, அதாவது தொடக்கத்திலேயே இறுக்கி அழுத்தியவற்றைப் பொருத்தி, ஊசியால் குத்தி இளக்கி நாதத்தை வரவழைக்கிறது. ஒன்று கீழிருந்து கட்டி எழுப்பும் வழி, மற்றது மேலிருந்து இளக்கி இறக்கும் வழி. ஆபெல் போன்ற பிற ஜெர்மானியச் சுத்தியல்களும் யமஹா பியானோக்களில் வருபவையும் பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. நியூயார்க் மாநிலத்தின் ரான்சன் நிறுவனச் சுத்தியல்கள் முதல் வகையோடு நெருங்கியவை. விறைப்பேற்றும் கரைசல் என்பது முதல் மரபின் கருவி. இரண்டாவது மரபில் பிறந்த சுத்தியல் மந்தமாக ஒலிக்கிறது என்றால், அதற்கு விறைப்பு போதாமை காரணமாக இருப்பது அரிது. அளவுக்கு மீறி ஊசி பட்டிருக்கும், அல்லது தேய்ந்து நுனி தட்டையாகியிருக்கும், அல்லது ஈரம் ஏறியிருக்கும். அந்தச் சுத்தியலுக்குக் கரைசல் ஊற்றுவது, பசியால் வந்த தலைவலிக்கு மாத்திரை போடுவதைப் போன்றது.

ஆகவே எந்தப் புட்டியையும் திறக்கும் முன் காதால் ஒரு சோதனை செய்ய வேண்டும். ஒரே கட்டையை மிக மெல்லவும், நடுத்தரமாகவும், முழு பலத்தோடும் வாசித்துக் கேளுங்கள். மெல்ல வாசிக்கும்போது நன்றாக இருந்து, பலமாக வாசிக்கும்போது விரியாமல் நின்றுவிடுகிறது என்றால், சுத்தியல் நுனிக்கு இரு பக்கமும் உள்ள தோள்பட்டைப் பகுதியில் விறைப்பு போதவில்லை. கரைசலுக்கு இங்கே இடம் உண்டு. பலமாக வாசிக்கும்போது நன்றாக விரிந்து, மெல்ல வாசிக்கும்போது மட்டும் மங்கலாக இருக்கிறது என்றால், குறை நுனியில்தான். உப்புத்தாளால் ஒரு மெல்லிய அடுக்கைத் தேய்த்தெடுத்தாலோ, சூடேற்றிய சிறு இஸ்திரிக் கருவியை நுனியில் ஒருமுறை ஓட்டினாலோ போதும். இரண்டிலும் மங்கல் என்றால்கூட நான் நேராகக் கரைசலுக்குப் போவதில்லை. சுருதி சரியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா, ஒரு சுரத்துக்குரிய மூன்று கம்பிகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, சுத்தியல் மூன்றையும் ஒரே கணத்தில் தொடுகிறதா, கட்டையின் இறக்கமும், சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபடும் இடமும் சரியா என்பதையெல்லாம் முதலில் பார்த்துவிடுவேன். ஒரு கம்பியை மட்டும் சுத்தியல் ஒரு நூலிழை தாமதமாகத் தொட்டாலே நாதம் மங்கிவிடும். அதை லாக்கரால் சரிசெய்ய முடியாது.

தேய்ப்பது எளிய வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உப்புத்தாளை ஒரு விரல் அகலத்துக்குக் கீறி, தோள்பட்டையிலிருந்து நுனியை நோக்கி மட்டுமே இழுக்க வேண்டும். கம்பி பதிந்த பள்ளங்கள் மறையும் வரை, வெங்காயச் சருகு உரிவதுபோல ஃபெல்ட் மெல்லிய படலமாக உரிந்துவர வேண்டும். நுனியைக் குறுக்கே தாண்டிவிட்டால் முட்டை வடிவம் கெட்டுத் தட்டையாகிவிடும். இப்படிப் பொறுமையாக 88 சுத்தியல்களையும் தேய்த்து முடித்த பிறகு, கரைசலுக்கான தேவையே இல்லாமல் போன பியானோக்கள் என் கணக்கில் பாதிக்கு மேல் இருக்கும்.

இத்தனையும் செய்த பின்னரும் விறைப்பேற்றத்தான் வேண்டும் என்றால், இன்று பொதுவாக நான்கு பொருள்கள் புழக்கத்தில் உள்ளன.

முதலாவது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். மரச்சாமான்களுக்கு அடிக்கும் அதே இனத்து லாக்கரைத் தின்னரில் நீர்க்கக் கரைத்து ஊற்றுவது. நான் ஒரு பங்கு லாக்கருக்கு நான்கு பங்கு தின்னரில் தொடங்குவேன், தேவைப்பட்டால் மூன்று பங்காகக் குறைப்பேன். நீர்த்த கரைசல் ஃபெல்ட்டுக்குள் ஆழமாக இறங்கி, நடுத்துண்டு வரை போய், உள்ளிருந்து தாங்கலைக் கட்டுகிறது. லாக்கரின் பெரிய பலம் இதுதான்: மேலே ஓடு போலப் படியாமல் அடித்தளத்தை உறுதிப்படுத்துவதால், மெல்லிய ஓசையைக் கெடுக்காமல் வலிய ஓசையை மட்டும் விரியவைக்க முடிகிறது. நியூயார்க் மரபுச் சுத்தியல்கள் இந்தப் பொருளை மனதில் வைத்தே செய்யப்படுவதால், முழுத் தொகுதிக்கும் வேலை செய்வதென்றால் இதற்கு நிகர் இல்லை. இதன் குறை காலம். ஓர் இரவாவது காய விடாமல் கேட்டுப் பார்ப்பதில் பயனில்லை. அதன் பிறகும் கரைப்பான் உள்ளிருந்து வெளியேறிக்கொண்டே இருப்பதால் பல நாள்களுக்கு ஓசை கூர்மையாகிக்கொண்டே போகும். இன்று மாலை சரியாக இருக்கிறது என்று நிறுத்தியது, அடுத்த வாரம் மிகையாக இருக்கும். ஆகவே கொஞ்சம் குறைவாகத் தோன்றும் இடத்தில் நிறுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல லாக்கர் மஞ்சளித்து நொறுங்கும் தன்மை அடைகிறது என்பதும் உண்மை.

இரண்டாவது, கட்டைகளின் மேல் ஒட்டும் வெள்ளை பிளாஸ்டிக் தகட்டை அசிட்டோனில் கரைத்த கரைசல். அசிட்டோன் நொடியில் ஆவியாவதால் அரைமணி நேரத்துக்குள் விளைவைக் கேட்டுவிடலாம். கச்சேரிக்கு இரண்டு மணி நேரம் இருக்கையில் உச்ச ஸ்தாயியில் ஒன்றிரண்டு சுரங்கள் அடைத்துக்கொண்டால் கைகொடுப்பது இதுதான். ஆனால் அந்த வேகமே அதன் ஆபத்தும்கூட. அசிட்டோன் ஆழத்துக்குப் போய்ச் சேரும் முன்பே பறந்துவிடுவதால் பிளாஸ்டிக் மேற்பரப்பை ஒட்டியே தங்கி, கண்ணாடிச் சில்லைப் போன்ற ஓடாகிறது. கடைசி ஒன்றரை ஸ்தாயிக்கு அது நன்மை. அங்கே ஃபெல்ட் மெல்லியது, தொடுநேரம் குறைவு, நுனியிலேயே விறைப்பு வேண்டும். நடு ஸ்தாயியிலோ அதே ஓடு, எவ்வளவு மெல்ல வாசித்தாலும் ஒரு “டிக்” ஒலியை முன்னே அனுப்பிவிட்டுத்தான் சுரத்தை வரவிடும்.

இதை நான் பிறர் சொல்லிக் கேட்டு எழுதவில்லை. தொழிலுக்கு வந்த தொடக்கத்தில், ஓர் இசைப்பள்ளியின் பியானோவில், மறுநாள் நிகழ்ச்சி என்ற அவசரத்தில், நடு ஸ்தாயியின் இறுக்கமான சுத்தியல்களுக்கு நுனியிலேயே இந்தக் கரைசலைச் சொட்டினேன். அன்று மாலை எல்லோரும் மகிழ்ந்தார்கள். சில வாரங்களில் மாணவர்கள் வாசிக்க வாசிக்க நுனி மேலும் இறுகி, தகரத்தைத் தட்டுவதுபோல ஆகிவிட்டது. இளக்குவதற்காக ஊசியை இறக்கியபோது, நல்ல ஃபெல்ட்டில் கிடைக்கும் அந்த மெத்தென்ற எதிர்ப்பு கையில் தட்டுப்படவில்லை. காய்ந்த அப்பளத்தில் குத்தியதுபோல நறுக்கென்று ஒரு அதிர்வு விரலுக்கு வந்தது, ஊசி முனை உள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டது. கடைசியில் ஓட்டைத் தேய்த்தெடுக்க வேண்டியதாயிற்று. தேய்த்த பின் மிஞ்சிய ஃபெல்ட் போதாமல், அந்த ஸ்தாயிச் சுத்தியல்களையே மாற்ற நேர்ந்தது. அந்தப் பள்ளிக்கு நான் வைத்த செலவு இன்றும் என் மனதை உறுத்துகிறது.

மூன்றாவது அரக்கு. இந்தியாவில், குறிப்பாக ஜார்க்கண்டில், மரக்கிளைகளில் அரக்குப் பூச்சிகள் சுரப்பதைச் சேகரித்துச் சுத்தம் செய்து சிறு தகடுகளாக விற்கும் அதே பொருள்தான். மெழுகு நீக்கிய தகட்டைச் சாராயத்தில் (எத்தனாலில்) கரைத்துப் பயன்படுத்த வேண்டும். லாக்கர் தின்னரின் நெடியைத் தாங்க முடியாத வீடுகளில் இதன் அருமை தெரியும். விளைவு மிதமானது, மேலே ஏறுவது படிப்படியானது, ஊசிக்கும் ஓரளவு இணங்குகிறது. மிகையாகிவிட்டால் அதே சாராயத்தை ஊற்றிச் சற்றுப் பரவவிட்டுத் தணிக்கலாம். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சாராயத்தில் தண்ணீர் கலந்திருந்தால் ஃபெல்ட் உப்பி, அதன் இழுப்பு தளர்ந்து, விறைப்பேற்றப் போய் இளக்கிவிட்டு வருவோம். ஆகவே கூடியவரை தூய சாராயமே வேண்டும். கரைத்து நெடுநாள் வைத்த அரக்குச் சரியாக இறுகாமல் பிசுபிசுப்பாக நிற்கும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கரைப்பது நல்லது. பல ஆண்டுகள் கழித்து அரக்கும் கரையும் தன்மையை மெல்ல இழந்துவிடுகிறது என்பதால், அதை முழுக்கத் திரும்பப் பெறக்கூடிய பொருளாக நான் கருதுவதில்லை.

நான்காவது பி-72 எனப்படும் அக்ரிலிக் பிசின். பாரலாய்டு என்ற பெயரில் விற்கப்படும் இதை அருங்காட்சியகங்களில் உடைந்த மட்பாண்டம், கண்ணாடி, பழைய மரம் ஆகியவற்றை ஒட்டவும் உறுதிப்படுத்தவும் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் இதைத் தேர்ந்ததற்கான காரணமே நம் காரணமும்: மஞ்சளிப்பதில்லை, ஆண்டுகள் கழித்தும் அசிட்டோனில் கரைகிறது. காய்ந்த பிறகு லாக்கரைவிடச் சற்று நெகிழ்வாக இருப்பதால் ஓசையும் நொறுங்காமல் வருகிறது. அசிட்டோனில் கரைத்தால் காத்திருப்பும் குறைவு. பழைய பியானோ ஒன்றின் மூலச் சுத்தியல்களைக் காப்பாற்ற நினைப்பவருக்கு நான் இதையே சொல்வேன். ஆனால் இதன் இளகும் வெப்பநிலை ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ். ஐரோப்பிய அருங்காட்சியகத்தில் அது ஒரு பொருட்டல்ல. சென்னையிலோ மதுரையிலோ மே மாதப் பகலில் குளிரூட்டி இல்லாத அறையில் நிற்கும் பியானோவுக்கு அது பொருட்டுதான். அப்படிப்பட்ட இடத்தில் இதன் மேல் முழுப் பாரத்தையும் வைக்க நான் தயங்குவேன்.

எந்தப் பொருளானாலும், அது செல்லும் இடம் பொருளைவிட முக்கியம். சுத்தியலைப் பக்கவாட்டில் பார்த்துக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், நுனி 12 மணி. நான் முதலில் 9, 3 மணிகளுக்குக் கீழே தொடங்கி, போதாவிட்டால் மட்டுமே 10, 2 மணி வரை ஏறுவேன். 12 மணியைத் தொடுவது உச்ச ஸ்தாயியில் மட்டும், அதுவும் ஒற்றைச் சொட்டு. நுனி விறைத்துவிட்டால் மெல்லிய ஓசை போவதோடு, கிராண்ட் பியானோவின் இடது மிதியும் பயனற்றுப் போகிறது. அந்த மிதியை அழுத்தும்போது, சுத்தியல்களும் அவற்றை இயக்கும் பொறியும் சேர்ந்த ஆக்‌ஷன் முழுவதும் சற்று வலப்பக்கம் நகர்ந்து, கம்பி பதியாத மெத்தென்ற ஃபெல்ட் கம்பியைச் சந்திப்பதால்தான் நிறம் மாறுகிறது. அந்த மெத்தென்ற இடத்தையும் பிசின் பிடித்துக்கொண்டால் மாறுவதற்கு என்ன இருக்கிறது?

மிருதங்கத்தின் தொப்பியில் அப்பும் ரவையைக் கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். மறுநாள் புதிதாக அப்பலாம். ஃபெல்ட்டின் இழைகளுக்குள் ஊறிய பிசினை அப்படி எடுக்க வழியில்லை. கரைப்பானை ஊற்றி அலசினால் பிசின் வெளியே வருவதைவிட உள்ளேயே இடம் மாறுவதுதான் அதிகம். ஊசி குத்தினால் பிசின் பிணைப்பு உடையும், ஆனால் கூடவே இழைகளும் அறும். இந்த அளவுகோலில் நான்கையும் நிறுத்தினால், பி-72 ஓரளவு திரும்ப விடுகிறது, புதிய அரக்கு அதற்கு அடுத்தபடி, லாக்கர் மிகக் குறைவாக. நுனியில் இறுகிய பிளாஸ்டிக் கரைசலோ என் அனுபவத்தில் திரும்ப விடுவதே இல்லை.

கரைப்பான்களின் ஆபத்தைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். அசிட்டோனின் ஆவி, நீர் உறையும் வெப்பநிலைக்குக் கீழேயே தீப்பற்றும். தின்னரில் பெரும்பாலும் டொலுயீன் இருக்கிறது. ஆக்‌ஷனைப் பியானோவிலிருந்து வெளியே எடுத்து, காற்றோட்டமான இடத்தில், ரசாயன ஆவிக்கான முகமூடியும் கையுறையும் அணிந்துதான் வேலை செய்ய வேண்டும். ஒரு சொட்டு சிந்தினால் கட்டைகளின் பிளாஸ்டிக்கையும் பியானோவின் மெருகையும் அது தின்றுவிடும். ஈரம் காயாத சுத்தியலால் ஒருபோதும் கம்பியை அடித்துப் பார்க்கக் கூடாது. பிசின் கம்பியில் ஒட்டினால், குறிப்பாகச் செம்பு சுற்றிய தாழ்ந்த கம்பிகளில், அந்தக் கறை நாதத்தையே கெடுக்கும்.

இனி யாருக்கு எது என்று பார்க்கலாம். நியூயார்க் மரபில் செய்த புதிய சுத்தியல்கள் முழுத் தொகுதியும் மந்தமாக இருந்து, ஒரு வாரம் காத்திருக்கவும் முடியும் என்றால், நீர்த்த லாக்கர். இரண்டு மூன்று தவணையாக, ஒவ்வொரு தவணைக்கும் இடையில் சில நாள்கள் வாசித்துப் பார்த்து. வீட்டில் நெடி ஆகாது, மாற்றம் சிறிதளவு போதும் என்றால் அரக்கு. பழமையான பியானோவின் மூலச் சுத்தியல்கள், வெப்பம் கட்டுக்குள் இருக்கும் அறை என்றால் பி-72. கச்சேரி மேடையில், உச்ச ஸ்தாயியில் சில சுரங்கள் மட்டும் என்றால் பிளாஸ்டிக் கரைசல், அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். இறுக்கி அழுத்திய ஐரோப்பிய அல்லது ஜப்பானியச் சுத்தியல் என்றால் எதுவும் வேண்டாம். தேய்க்கவும், இஸ்திரி போடவும், பொறுத்திருக்கவும்.

பொறுத்திருப்பதைப் பற்றி, கடலோர ஊர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்கிறேன். ஃபெல்ட் கம்பளியாதலால் காற்றின் ஈரத்தை வாங்கித் தளரும். அடைமழைக் காலத்தில் ஜன்னல் திறந்த அறையில் மந்தமாக ஒலிக்கும் பியானோ, ஈரப்பதத்தைக் குறைத்த சில வாரங்களில் தானே வாய்திறப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஐப்பசியில் கேட்டதை வைத்துக் கரைசல் ஊற்றியவர், பங்குனியில் காது கூசக் கேட்க நேரும்.

நுனியிலிருந்து மரம் வரை உள்ள ஃபெல்ட் உச்ச ஸ்தாயியில் மெலிந்துபோய், முந்தைய பிசின் ஏற்கெனவே மஞ்சளாய்த் தெரியும் பழைய சுத்தியல் என்றால், மேலும் ஊற்றுவதைவிடப் புதிய தொகுதி வாங்குவதே சிக்கனம். கரைசலின் விலை அற்பம்தான். ஆனால் கெட்டுப்போன ஃபெல்ட்டோடு மல்லுக்கட்டும் மணி நேரங்களுக்கு விலை போட்டுப் பார்த்தால், புதிய சுத்தியலின் விலையை அது எளிதில் தாண்டிவிடும்.

கரைசல் ஊற்றிய ஒவ்வொரு பியானோவிலும் நான் தவறாமல் செய்யும் ஒரு வேலை உண்டு. முதல் கட்டையை உருவி, அதன் பக்கவாட்டு மரத்தில் பென்சிலால் எந்தப் பொருள், எந்த விகிதம், எந்தக் கட்டையிலிருந்து எந்தக் கட்டை வரை, எத்தனை சொட்டு, என்ன தேதி என்று எழுதிவிட்டுத் திரும்பப் பொருத்துவேன். பத்து ஆண்டு கழித்து அந்த ஆக்‌ஷனைத் திறக்கும் இன்னொரு கைக்கு, ஊசியை எடுப்பதா அசிட்டோனை எடுப்பதா என்பது அந்த ஒரு வரியைப் படித்தால்தான் தெரியும்.